கோப்ளின் பெயர் ஞாபகம் இருக்கிறது, மகளின் தோழி பெயர் மறந்துவிட்டது

கேள்வி: எனக்கு 41 வயது. கல்லூரிக் காலத்திலிருந்து டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் ஆடுகிறேன், மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்துகிற ஆட்டம். ஒன்பது வருடமாக ஒரே குழு, ஐந்து நண்பர்கள், கதையை நடத்துகிற கேம் மாஸ்டர் நான்தான். ஞாயிறு மாலை நாலு மணி நேரம் ஆடுவோம். குடிப்பதில்லை, சூதாடுவதில்லை, எனக்கு இருக்கிற ஒரே பொழுதுபோக்கு இதுதான். மகனுக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் செஷனை, அதாவது அன்றைய ஆட்டத்தை, ரத்து செய்திருக்கிறேன். அப்படியும் மனைவி இதை அடிக்‌ஷன் என்கிறார். மாமியார் இன்னும் ஒரு படி மேலே போய், பேய், பிசாசு, மந்திரம் எல்லாம் வீட்டுக்குள் வரக் கூடாது என்கிறார். சரி, எல்லோரையும் சேர்த்துக்கொண்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று போன மாதம் மனைவி, 11 வயது மகள், 6 வயது மகன் மூவரையும் உட்கார வைத்து, இந்த வகை ஆட்டமான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்தினேன். மனைவி அரை மணி நேரத்தில் எழுந்து போய்விட்டார். மகன் பகடையை உருட்டிக்கொண்டே இருந்தான், சொன்ன எதையும் கேட்கவில்லை. மகள் இரண்டு நாள் உட்கார்ந்து வரைந்து உருவாக்கிய மந்திரவாதினி முதல் சண்டையிலேயே ஒரு கோப்ளின், அதாவது குட்டி அரக்கன், வெட்டிச் செத்துப்போனாள். மகள் அழுதுகொண்டே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த மந்திரவாதினியோடு ஓர் ஆந்தை வேறு இருந்தது, அதற்கு என்னவோ ஒரு பெயர் வைத்திருந்தாள். அன்று ராத்திரி சண்டையில் மனைவி சொன்னார்: “மூணு வருஷத்துக்கு முன்னாடி உங்க ஃபிரெண்டு கொல்லாம விட்ட கோப்ளின் பேரு ஞாபகம் இருக்கு. உங்க பொண்ணோட ஃபிரெண்டு பேரு கேட்டா முழிக்கறீங்க.” அது உள்ளே தைத்துவிட்டது. எல்லாவற்றையும் விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். என்ன செய்வது?

பதில்: விட வேண்டாம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரியைப் படித்தபோது, பகடைகளை எல்லாம் ஒரு பையில் கட்டிப் பரண்மேல் போட நீங்கள் தயாராகிவிட்டது தெரிந்தது. குற்ற உணர்ச்சியில் விடுகிற பொழுதுபோக்கு பரணில் சும்மா கிடக்காது. ஆறு மாதம் கழித்து, பேச்சு வேறு எதைப் பற்றியோ போய்க்கொண்டிருக்கும்போது, “உனக்காக அதைக்கூட விட்டேனே” என்று உங்கள் வாயிலிருந்தே வரும். அப்படி வந்த பிறகு என்னிடம் வந்தவர்கள் நிறையப் பேர். உங்கள் மனைவி கேட்டது அந்தத் தியாகத்தையும் இல்லை.

நான் குடும்ப ஆலோசகர், அது தெரிந்துதான் எழுதியிருக்கிறீர்கள். நானும் பத்து வருடத்துக்கு மேல் இந்த மேசையில் உட்கார்ந்து ஆடியிருக்கிறேன், சில காலம், குறிப்புகளை மறைக்க வைக்கிற திரைக்குப் பின்னால் கேம் மாஸ்டராகவும் இருந்திருக்கிறேன். அதனால் பாத்திரத்தின் விவரங்களை எழுதுகிற கேரக்டர் ஷீட் என்றால் என்ன, செஷன் என்றால் என்ன என்று எனக்கு விளக்க வேண்டியதில்லை. உங்களிடமும் கொஞ்சம் ஒளிவுமறைவில்லாமல் பேச முடியும்.

அடிக்‌ஷன் என்ற வார்த்தையை முதலில் முடித்துவிடலாம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐசிடி-11, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது, அதில் ‘கேமிங் டிஸார்டர்’ என்று ஒன்று உண்டு. அது டிஜிட்டல் விளையாட்டுகளுக்கு, அதாவது வீடியோ கேம்களுக்கு வகுத்தது. அதற்கும் மூன்று விஷயம் சேர்ந்து இருக்க வேண்டும்: எப்போது ஆடுவது, எப்போது நிறுத்துவது என்ற கட்டுப்பாடு கைவிட்டுப் போவது, வாழ்க்கையின் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக ஆட்டம் போய் உட்கார்வது, கெடுதல் நடப்பது கண்ணுக்குத் தெரிந்தும் தொடர்வது. இதெல்லாம் பொதுவாகப் பன்னிரண்டு மாதமாவது நீடித்து, குடும்பம், வேலை, படிப்பு என்று எதையாவது கணிசமாகப் பாதித்திருக்கவும் வேண்டும். வாரத்துக்கு ஒரு நாள், நேரத்துக்கு ஆரம்பித்து நேரத்துக்கு முடித்து, பையனுக்குக் காய்ச்சல் என்றால் ரத்து செய்கிற ஒருவருக்கு அந்தப் பெயர் பொருந்தாது. ஆனால் தயவுசெய்து இந்தப் பத்தியை மனைவியிடம் படித்துக் காட்டி ஜெயித்துவிடாதீர்கள். அவர் நோயைக் கண்டுபிடிக்கப் பார்க்கவில்லை. அவருக்குள் இருக்கிற ஏதோ ஒன்றுக்குக் கையில் கிடைத்த வார்த்தை அது, அவ்வளவுதான். அந்த வார்த்தை தப்பு என்று நிரூபித்தால், உள்ளே இருந்தது அப்படியேதான் இருக்கும், சொல்ல வார்த்தை மட்டும் இல்லாமல் போகும்.

மாமியார் விஷயமும் புதிதில்லை. 1980களில் அமெரிக்காவில் இதே டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பிள்ளைகளைச் சாத்தான் வழிபாட்டுக்கும் தற்கொலைக்கும் தள்ளுகிறது என்று பெற்றோர்கள் அமைப்பு வைத்துப் பிரசாரம் செய்தார்கள். அப்படி ஒரு தொடர்பு நிரூபணமாகவே இல்லை. அவரோடு வாதாட வேண்டாம், ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கணக்குப் போடுவதும் கதை சொல்வதும் சிரிப்பதும்தான் கண்ணில் படும். இதற்கு மேல் அதில் நேரம் செலவழிக்கத் தேவையில்லை.

இப்போது அந்தக் கோப்ளினுக்கு வருவோம். உங்கள் மனைவி சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில்தான் உங்கள் கேள்வி முழுதும் இருக்கிறது என்று நினைக்கிறேன். அவர் உங்கள் ஞாபகசக்தியைக் குறை சொல்லவில்லை. உங்களுக்கு எவ்வளவு நன்றாகக் கவனிக்கத் தெரியும் என்பதைப் பார்த்துவிட்டார், அதனால்தான் வலிக்கிறது.

கேம் மாஸ்டர் என்ன செய்கிறார் என்று ஆடாதவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. ராட்சசர்களை நடத்துவதும் விதிகளைச் சொல்வதும் பாதி வேலைகூட இல்லை. ஐந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருவர் வாய் ஓயாமல் பேசுகிறார், இன்னொருவர் இருபது நிமிடமாக ஒரு வார்த்தை பேசவில்லை, பென்சிலால் ஷீட்டின் ஓரத்தில் கிறுக்கிக்கொண்டிருக்கிறார். நல்ல கேம் மாஸ்டர் அந்தப் பென்சிலைப் பார்த்துவிடுவார். பார்த்ததும் கதையைக் கொஞ்சம் வளைத்து, “கதவுக்குப் பின்னால் கேட்கிற குரல் உனக்கு எங்கேயோ கேட்டது போல இருக்கிறது” என்று அந்த ஆளைப் பார்த்துச் சொல்வார். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நண்பர் இரக்கப்பட்டு விட்டுவிட்ட கோப்ளினை நீங்கள் நோட்டில் எழுதி வைத்ததும் இதனால்தான். அந்த இரக்கம் உங்கள் நண்பருக்கு முக்கியம் என்று உங்களுக்குத் தோன்றியது, ஒரு நாள் அதைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று வைத்துக்கொண்டீர்கள். அது அன்புதான், வேறு என்ன பெயர் வைப்பது? ஒன்பது வருடம் ஐந்து பேர் வாராவாரம் வந்து உட்கார்கிறார்கள் என்றால் உங்கள் கதைக்காக மட்டும் வரவில்லை. அந்த மேசையில் தங்களை ஒருவர் முழுதாகக் கவனிக்கிறார் என்பதற்காக வருகிறார்கள்.

உங்கள் மனைவி அதை எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை அடுத்த அறையிலிருந்து கேட்டிருப்பார். அந்தக் கவனிப்பு இந்த மனிதரிடம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஞாயிறு ராத்திரி எல்லோரும் போன பிறகு அதில் மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்பதும் அவருக்குத்தான் தெரியும்.

நீங்கள் ‘நாலு மணி நேரம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன், ஒரு தடவை எழுதிப் பார்க்கும் வரை. நாலு மணி நேரம் ஆட்டம். அதற்கு முன்னால் மேசையை ஒழுங்குபடுத்துவது, பிறகு எடுத்து வைப்பது. புதன்கிழமை ராத்திரி வரைபடம் போட ஒன்றரை மணி நேரம், வெள்ளிக்கிழமை எதிரிகளின் கணக்குப் பார்க்க ஒரு மணி நேரம், குழுவில் “இந்த வாரம் யார் யார் வருகிறீர்கள்” என்று ஆரம்பித்து எங்கெங்கோ போகிற மெசேஜ்கள். இதெல்லாம் கடிகாரத்தில் தெரிகிற நேரம். கடிகாரத்தில் தெரியாதது ஒன்று இருக்கிறது, செவ்வாய்க்கிழமை பாத்திரம் கழுவிக்கொண்டே அந்தக் குகையில் அடுத்து என்ன வைக்கலாம் என்று யோசிக்கிறீர்களே, அது. பக்கத்தில் மகள் பள்ளியில் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், நீங்கள் “ம்” போடுகிறீர்கள், மூன்றாவது “ம்” தப்பான இடத்தில் விழுகிறது, அவள் பேச்சை நிறுத்திவிட்டுப் போகிறாள். அவளுடைய தோழியின் பெயர் அந்த மாதிரி ஒரு பேச்சில்தான் வந்து போயிருக்கும்.

இரண்டு வாரம், யாரிடமும் சொல்லாமல், உங்களுக்காக மட்டும் இதை எழுதி வையுங்கள். ஆட்டத்துக்காகச் செலவான நேரம் எல்லாம், மனதுக்குள் ஓடிய நேரம் உட்பட. குறைப்பதா வேண்டாமா என்று இப்போதே முடிவு செய்ய வேண்டாம். மனைவியோடு உட்கார்ந்து பேசும்போது, ‘நாலு மணி நேரம்தானே’ என்று ஆரம்பிக்காமல் இருக்க இது வேண்டும். நாலு என்று நீங்கள் சொல்கிற இடத்தில் அவர் பத்து, பன்னிரண்டு என்று உணர்ந்துகொண்டிருக்கலாம், அப்படியானால் பேச்சு முதல் நிமிடத்திலேயே முறிந்துவிடும்.

மனைவியை விளையாட உட்கார வைத்தீர்களே, அதைப் பற்றி. இதில் நான் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன்: அவரை இனி நீங்களாக அழைக்க வேண்டாம். உங்கள் நோக்கம் நல்லதுதான், ஆனால் அவர் பக்கத்திலிருந்து பாருங்கள். இந்த ஆட்டம் என் நேரத்தை எடுத்துக்கொள்கிறது என்று ஒருவர் சொல்கிறார், அதற்குப் பதிலாக, வா, நீயும் உன் நேரத்தை இதற்கே கொடு என்கிறோம். இதில் நடிப்புக்கூச்சம் வேறு இருக்கிறது. பழகினவர்களுக்கு மறந்துவிடுகிறது, முதல் தடவை மூன்று பேர் முகத்தைப் பார்த்துக்கொண்டு “நான் இந்தக் காவலாளியிடம் நயமாகப் பேசுகிறேன்” என்று சொல்வது எவ்வளவு கூச்சமாக இருக்கும் என்று. நாள் முழுக்க வேலை செய்து களைத்த ஒருவருக்கு அது இன்னொரு வேலை. அரை மணி நேரம் உட்கார்ந்ததே உங்கள் மேல் இருந்த பிரியத்தில்தான் என்று நினைக்கிறேன். குடும்பமே சேர்ந்து ஆடுகிற வீடுகள் இருக்கின்றன, எனக்கும் தெரியும், பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் ஒருவருடைய ஆசை மற்றவருக்கும் ஆசையாக இருந்தால்தான் கல்யாணம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை.

அவரிடம் கேட்க வேண்டியது வேறு. வாரத்தில் நாலு மணி நேரம், யாரும் கூப்பிடாத, எதற்கும் பதில் சொல்ல வேண்டாத நாலு மணி நேரம் அவருக்குக் கிடைத்தால் என்ன செய்வார் என்று கேளுங்கள். அவருக்கு உடனே பதில் தெரியாமல் போகலாம். அந்தக் கேள்வியையே யாரும் கேட்காமல் பல வருடம் போயிருந்தால் அப்படித்தான் இருக்கும். பதில் வருவதற்குக் காத்திருக்காமல் நேரத்தை முதலில் கொடுத்துவிடுங்கள். ஒரு நாளைக் குறியுங்கள், சனிக்கிழமை காலை என்று வையுங்கள், உங்கள் ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு உறுதியோ அதே உறுதி அதற்கும் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் வீடு, பிள்ளைகள் எல்லாம் உங்கள் பொறுப்பு. ‘உதவி’ என்ற வார்த்தையே வர வேண்டாம். பையனின் சட்டை எங்கே இருக்கிறது என்று போன் செய்து கேட்டால் அவர் வெளியே போனதற்கு அர்த்தமே இல்லை, தேடி எடுங்கள். உங்கள் நண்பர்கள் வந்திருக்கும்போது நடுவில் உங்களை யாரும் அப்படிக் கேட்கக் கூடாது என்றுதானே நினைப்பீர்கள்?

இதை ஒரு பேரமாகச் செய்யாதீர்கள். ‘உனக்குச் சனி, எனக்கு ஞாயிறு, சரியாப்போச்சு’ என்று கணக்குத் தீர்த்தால் இரண்டு பேரும் இரண்டு நாளும் இல்லாத வீடாகிவிடும். என்னிடம் வந்த ஒரு தம்பதி அப்படித்தான் செய்தார்கள், நேரம் சரிபாதி, துல்லியமாக, ஆனால் வாரம் முழுக்க ஒருவரை ஒருவர் கடந்து போனார்கள். உங்கள் விஷயத்தில் நான் முக்கியமாகப் பார்ப்பது செவ்வாய்க்கிழமை ராத்திரியைத்தான். ஆட்டத்தின் நேரத்தை ஆட்டத்துக்குள் நிறுத்த வேண்டும். தயாரிப்புக்கு ஒரு நாள், ஒரு மணி நேரம், பிள்ளைகள் தூங்கிய பிறகு, அதோடு நோட்டை மூடிவிட வேண்டும். நடுவில் ஏதாவது தோன்றினால் ஒரு வரி எழுதி வைத்துவிட்டுத் திரும்பி வாருங்கள். தயாரிப்பு குறைந்தால் ஆட்டம் கெட்டுவிடும் என்று பயப்படுவீர்கள். ஒன்பது வருட அனுபவம் இருக்கிற கேம் மாஸ்டருக்கு மூன்று பெயர், ஓர் இடம், ஒரு சிக்கல் இருந்தால் மாலை முழுக்க ஓட்ட முடியும், அது உங்களுக்கே தெரியும். மீதித் தயாரிப்பு பெரும்பாலும் நம் சொந்த சந்தோஷத்துக்குச் செய்வது. அதில் தப்பில்லை, ஆனால் அதைச் செலவுக் கணக்கில் எழுத வேண்டும்.

நண்பர்களிடமும் பேச வேண்டியிருக்கும். வாராவாரம், ஒரே குழு, முடிவே இல்லாத கேம்பெயின், அதாவது தொடர்கதை, இதுதான் ஆட்டம் என்று நாம் பழகிவிட்டோம். இந்தப் பொழுதுபோக்கு அப்படிப் பிறந்ததும் இல்லை, அப்படியே இருக்க வேண்டியதும் இல்லை. 1974-ல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளிவந்தபோது ஒரு பெட்டியில் மூன்று சின்னப் புத்தகம், ஆயிரம் பிரதி அச்சடித்தார்கள். அதற்கு முன்பே, அதை உருவாக்கிய இருவரில் ஒருவரான டேவ் ஆர்னெசன், பிளாக்மூர் என்ற தன் கற்பனை உலக ஆட்டத்தை நண்பர்களோடு நடத்திக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துவிட்டு இன்னொருவரான கேரி கைகாக்ஸ் தன் நிலவறையை முதன்முதலில் ஆட்டிப் பார்த்தது யாரை வைத்து தெரியுமா? தன் வீட்டுப் பிள்ளைகளை வைத்து, மகன் எர்னி, மகள் எலிஸ். முதல் ஆட்டமே குடும்ப மேசையில்தான். (அதனால் பிள்ளைகளோடு ஆட நினைத்ததற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன், அதைப் பிறகு சொல்கிறேன்.)

இன்றைக்கு எத்தனை வடிவம் இருக்கிறது! பென் ராபின்ஸ் என்பவர் பிரபலப்படுத்திய ‘வெஸ்ட் மார்ச்சஸ்’ முறையில் நிலையான குழுவே கிடையாது, அன்றைக்கு யார் வர முடிகிறதோ அவர்கள் ஒரு பயணம் போய்விட்டு அன்றே திரும்புவார்கள், வராதவர்களால் கதை நிற்காது. ஃபியாஸ்கோ மாதிரி ஆட்டங்களில் கேம் மாஸ்டரே இல்லை, தயாரிப்பும் இல்லை, ஒரே மாலையில் கதை ஆரம்பித்து முடிந்துவிடும். அயர்ன்ஸ்வோர்னைத் தனியாகவே ஆடலாம், ராத்திரி அரை மணி நேரம் போதும். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் ஐந்து பேரில் ஒருவரை ஆறு மாதம் நடத்தச் சொல்லிவிட்டு நீங்கள் வெறும் ஆட்டக்காரராக உட்காரலாம். ஷீட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு போவதுதான் தயாரிப்பு. ஒன்பது வருடமாகக் கவனித்த ஒருவர் கொஞ்ச நாள் கவனிக்கப்படட்டும். இல்லையென்றால் இந்தக் கேம்பெயினுக்கு ஒரு முடிவு எழுதுங்கள். உங்கள் நண்பர்கள் அந்த முடிவைப் பார்க்கத் தகுதியானவர்கள், ஆள் வராமல் தேய்ந்து நின்றுபோன எத்தனையோ கேம்பெயின்களைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். முடிந்த பிறகு மாதம் இரண்டு ஞாயிறு போதுமா என்று எல்லோரும் உட்கார்ந்து பேசலாம். அவர்களுக்கும் குடும்பம் இருக்கும், யாராவது முதலில் பேச மாட்டார்களா என்று காத்திருக்கலாம்.

மகள் விஷயத்தைக் கடைசிக்கு வைத்தேன், எனக்கு அதுதான் மனதில் நின்றது.

ஆட்டத்தை ஆரம்பிக்கிற முதல் நிலை மந்திரவாதிக்கு என்ன இருக்கும்? ஏழு உயிர்ப்புள்ளி, போனால் எட்டு, அடிபடும்போது குறைந்து பூஜ்ஜியமானால் விழுந்துவிடுவாள். ஒரு கோப்ளின் வாளை வீசினால் ஆறு பக்கப் பகடையோடு இரண்டைக் கூட்ட வேண்டும், மூன்றிலிருந்து எட்டு வரை சேதம். ஒரே வீச்சில் விழுந்துவிட வாய்ப்பு உண்டு, இரண்டாவது வீச்சில் பெரும்பாலும் விழுந்துவிடுவாள். பிறகு உயிர் போகுமா என்று பார்க்கிற மரணப் பகடை, இருபது பக்கப் பகடையில் பத்தும் அதற்கு மேலும் விழுந்தால் வெற்றி, மூன்று தோல்வி வந்தால் முடிந்தது. இது உங்களுக்கு நன்றாகவே தெரியும். ஷீட்டில் அந்த ‘7’ என்ற எண்ணை அவள் எழுதும்போதே, இந்தப் பாத்திரம் எவ்வளவு மெல்லியது என்று உங்கள் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். அவளுக்குத் தெரியாது. அவளுக்கு அந்த எண் ஒரு கட்டத்துக்குள் நிரப்ப வேண்டிய ஒன்று, அவள் கவனமெல்லாம் பக்கத்தில் வரைந்த அங்கியிலும் ஆந்தையிலும் இருந்திருக்கும். இரண்டு நாள் வரைந்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அப்பாவிடம் காட்டத்தான் வரைந்தாள், அப்பா அதை முதல் சண்டையிலேயே ஒரு கோப்ளினிடம் கொடுத்துவிட்டார். பகடை விழுந்தபடிதான் நடந்தது, உங்கள் நண்பர்களிடம் அது நியாயம், அவர்கள் அதற்குச் சம்மதித்து உட்கார்ந்தவர்கள். அவளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

நம் வட்டாரத்தில் ‘செஷன் ஸீரோ’ என்று வைத்திருக்கிறோமே, ஆட்டம் ஆரம்பிக்கும் முன்பு எல்லோரும் உட்கார்ந்து என்ன மாதிரி கதை, பாத்திரம் சாகலாமா கூடாதா, எது பயமாக இருக்கும் என்று பேசிக்கொள்வது, அது பெரியவர்களுக்குத் தேவைப்படுவதைவிடப் பிள்ளைகளுக்குத்தான் அதிகம் தேவை. ஜான் ஸ்டாவ்ரோபூலோஸ் கொண்டுவந்த எக்ஸ் கார்டும் அப்படித்தான், மேசை நடுவில் எக்ஸ் போட்ட ஒரு அட்டை, யாருக்குப் பிடிக்காதது வந்தாலும் அதைத் தொட்டால் போதும், காரணம் கேட்காமல் அந்தக் காட்சியை மாற்றிவிட வேண்டும். நண்பர்கள் மேசையில் இதையெல்லாம் செய்பவர்கள்கூட வீட்டில் செய்வதில்லை. நம் பிள்ளைதானே என்று விட்டுவிடுகிறோம்.

நானும் விட்டேன். என் மகனுக்கு ஒன்பது வயது இருக்கும்போது முதன்முதலாக அவனுக்கு ஓர் ஆட்டம் நடத்த உட்கார்ந்தேன். அவன் நாயாக இருக்க வேண்டும் என்றான். போர்வீரனின் நாய் இல்லை, நாய் மட்டும். நான் புத்தகத்தைத் திறந்து, இந்த இனங்களில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்று விரல் வைத்துக் காட்டினேன். அவன் கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தைப் பார்த்தான், பிறகு பென்சிலை ஷீட்டுக்கு இணையாக, ரொம்பப் பொறுமையாக, நேராக வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். அழவில்லை. அந்தப் பென்சில் நேராக வைத்திருந்த விதம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. ஒரு வருடம் கழித்துத்தான் மறுபடி உட்கார்ந்தோம், அப்போது நாயாக இருக்கிறாயா என்று நான்தான் கேட்டேன். இரண்டு வருடம் நாயாக ஆடினான். மோப்பம் பிடிக்க ஒரு பகடை, கடிக்க ஒரு பகடை, பேச முடியாது, அதனால் மற்றவர்கள் அவனைக் கவனித்துப் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. என்னிடம் வருகிறவர்களுக்கு நான் நடத்திய எந்தப் பயிற்சியிலும் அவ்வளவு நல்ல கவனிப்பை நான் பார்த்ததில்லை.

அதனால் மகளிடம் போய், “மந்திரவாதினி சாகவில்லை, மயக்கம்தான்” என்று உடனே ஒரு சமாளிப்பு சொல்லாதீர்கள். பதினொரு வயதுப் பெண்ணுக்கு அது சமாளிப்பு என்று தெரியும். நடந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேளுங்கள், நேராக, “முதல் சண்டையிலேயே சாக வாய்ப்பிருக்குன்னு எனக்குத் தெரியும், உன்கிட்ட சொல்லாம விட்டுட்டேன்மா, அது என் தப்பு” என்று. அதோடு நிறுத்துங்கள். ‘இது வெறும் விளையாட்டுதானே’ என்று சேர்த்துவிடாதீர்கள், இத்தனை வருடமாக இதை வெறும் விளையாட்டாக நினைக்காதவர் நீங்கள். பிறகு என்ன வேண்டும் என்பதை அவள் சொல்லட்டும். மந்திரவாதினி திரும்பி வர வேண்டும் என்றால் வரட்டும், இறந்தது இறந்ததாகவே இருக்கட்டும் என்றால் அதுவும் சரி. இனி ஆடவே வேண்டாம் என்றால் அதற்கும் சரி என்று சொல்லிவிட்டு, மனதார விடுங்கள். ஒருவேளை அவளே நடத்த ஆசைப்படலாம். அப்படிக் கேட்டால் திரையை அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, விதிகளைத் திருத்தாமல், அவள் சொல்கிற கோப்ளினுக்குப் பயப்படுங்கள்.

மகனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஆறு வயதில் பகடையை உருட்டுவதுதான் ஆட்டம், அவன் ஒழுங்காகத்தான் ஆடியிருக்கிறான். ஷீட் வேண்டாம், இருபது பக்கப் பகடை வேண்டாம். சாதாரணப் பகடை ஒன்று, நாலும் அதற்கு மேலும் விழுந்தால் நினைத்தது நடக்கும், கீழே விழுந்தால் வேறு ஏதோ வேடிக்கை நடக்கும், தோல்வி என்று ஒன்று இல்லை. இருபது நிமிடம், அதற்குள் எழுந்து ஓடினால் அதுவே முடிவு. குழந்தை விளையாடும்போது தன் உயரத்தைவிட ஒரு தலை உயர்ந்து நிற்கிறது என்ற பொருளில் உளவியலாளர் லெவ் வைகோட்ஸ்கி 1930களில் சொன்னார். அன்றாடத்தில் பொறுமையே இல்லாத பையன், விளையாட்டில் காவல்காரனாக நிற்கும்போது அசையாமல் நிற்பான். உங்கள் பையனை ஒரு பாலத்துக்குக் காவல் வையுங்கள், பாருங்கள்.

தோழியின் பெயரை மனைவியிடம் கேட்டு மனப்பாடம் செய்துகொள்ள வேண்டாம். மகள் பேசும்போது அது தானாக வரும், வருகிற அன்று நீங்கள் அங்கே இருந்தால் போதும்.

உங்கள் கடிதத்தில் இன்னொரு பெயரும் இல்லை, கவனித்தீர்களா? “அதற்கு என்னவோ ஒரு பெயர் வைத்திருந்தாள்.” கோப்ளின் வெட்டியது மந்திரவாதினியைத்தான், நீங்கள் எழுதியதில் ஆந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அது அந்தக் குகையிலிருந்து பறந்து வெளியே போயிருக்க வேண்டும். மன்னிப்புக் கேட்டு ஒன்றிரண்டு நாள் போகட்டும், அவள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, பகடை, நோட்டு எதுவும் கையில் இல்லாமல், அந்த ஆந்தை இப்போது எங்கே இருக்கும் என்று கேளுங்கள். அதன் பெயர் என்ன என்பதையும் கேளுங்கள், மறந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டே கேளுங்கள்.